மூடி நேராக உட்கார வேண்டும்

தட்டு அலங்காரத்தில் பலரும் செய்கிற தப்பு, கையில் கிடைத்ததையெல்லாம் அதில் அடுக்குவதுதான். உயரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று, உயிருள்ளதாக ஒன்று. மிச்சத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். நீங்களும் வீட்டில் வைத்துப் பாருங்கள், மேடம்.

எங்கள் கூடத்தில் சோபாவை ஒட்டி ஒரு குட்டை மேசை. அதன்மேல் வட்டமான மரத்தட்டு. அதில் வெள்ளை மெழுகுவர்த்தி, மூடி போட்ட பீங்கான் ஜாடி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு மணிபிளான்ட் கொடி. கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாமே யாரோ வாங்கியது, யாரோ வைத்தது. அந்தத் தட்டு மட்டும் என்னுடையது.

மாமியார் பகலெல்லாம் அந்த சோபாவில்தான் இருப்பார். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூக்குக்கண்ணாடி, சீப்பு எல்லாம் தட்டில்தான் வைப்பார். தேநீரோடு நான் கொடுக்கிற பிஸ்கட்டில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து, அதையும் அங்கேதான் வைப்பார்.

"காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க. இத வாயில போட்டுக்க, அம்மாடி."

எறும்பு வருமென்று எடுத்துக் குப்பையில் போடுவேன். மறுநாளும் வைப்பார்.

நான் தட்டைச் சரிசெய்யும்போது அவருக்குச் சிரிப்பு வரும். "இது என்ன கண்காட்சியா? டிக்கெட் வாங்கிட்டுத்தான் தொடணும் போல."

"சும்மா இரும்மா, அபராதம் போட்டுடுவா" என்பார் என் கணவர். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

பிறகு மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. வலி வந்தால் உடனே நாக்குக்கடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என் தட்டு. அதில் கோணலாகச் சீட்டு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டேன். பிறகு மாத்திரைகளைப் பீங்கான் ஜாடிக்கு மாற்றினேன்.

ஜாடியின் மூடியில் ரப்பர் வளையம் உண்டு. அழுத்தினால்தான் நேராக உட்காரும். மாமியாரின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன, அவரால் திறக்க முடியவில்லை.

"மூடிய லூசாவே வச்சிடு. அம்மா கைக்கு வராது" என்றார் கணவர்.

சரி என்றேன். அப்படியே வைத்தும் பார்த்தேன். மூடி சாய்ந்து கிடந்தது. அடுப்படியிலிருந்து பார்த்தாலும் அந்தச் சாய்வு தெரிந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது.

அன்று கணவர் வேலைக்குப் போனதும் தட்டைத் துடைத்தேன். மூடியை உள்ளங்கையால் அழுத்தினேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருப்பார்.

மத்தியானத்துக்கு முன்பே வலி வந்தது. ஜாடியை மடியில் வைத்து விரலால் முயன்றார், பிறகு பல்லால். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அம்மாடி, இதக் கொஞ்சம் தெறந்து குடு."

"இதோ அத்தை" என்றேன்.

ஜாடியை இழுத்ததில் மெழுகுவர்த்தி சரிந்திருந்தது. முதலில் அதை நிமிர்த்தினேன். கொடியைத் திருப்பி வைத்தேன். பிறகு அவர் கையிலிருந்து ஜாடியை வாங்கினேன். திறக்கவில்லை. எச்சில் பட்டிருந்தது, துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன்.

பதற்றத்தில் செய்வதறியாமல் நின்றேனா என்று கேட்கிறீர்கள். இல்லை மேடம். ஒரு நெம்பு நெம்பினால் திறந்துவிடும், தெரியும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். திறந்தால் மறுபடி முதலிலிருந்து எல்லாம் அடுக்க வேண்டும் என்று தோன்றியது. நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கணவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இனியும் பார்க்க மாட்டார். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவருடைய அம்மா கத்தவில்லை, என்னைத் திட்டவுமில்லை. மூச்சு நிற்கும்வரை கண்ணெடுக்காமல் அந்தத் தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அன்றுதான் அதன் அழகு அவருக்குப் புரிந்தது.