புட்டியின் மேல் ஒட்டிய சொல்

என் கையெழுத்து தெளிவாக இருக்கும். அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா, புட்டியின் மேலிருந்த சொல்லை நீங்கள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டீர்கள். லாதிகேதேஸ். அது மருந்தின் பெயரல்ல, பழைய கிரேக்கச் சொல். பாதிரியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன் நான், அங்கே கற்றது. முன்பாதிக்கு மறத்தல் என்று பொருள், பின்பாதிக்குக் கவலை. இரண்டும் சேர்ந்தால் கவலையை மறக்கச் செய்வது. ஒரு கவிஞர் மதுவை அப்படிப் பாடினார். அவருக்கும் முந்தியவர் பாடியது, அழும் பிள்ளையை அமர்த்தும் தாய்முலையை.

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பது என் வேலை. மருந்துச்சாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்று தொடங்கினால் எல்லாம் அழும். தாய்மார் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருவது துரைக்கும் பிடிக்கவில்லை. என்னிடம் அபின் கலந்த மருந்து இருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் சில துளிகள் விட்டேன். காம்பரா அமைதியானது.

"ஒங்க கை ராசியான கைங்கய்யா" என்றாள் ஆயா வேலாயி.

அன்றுதான் அந்தச் சொல்லை எழுதி ஒட்டினேன்.

ஐம்பத்தேழு ஜூலையில், மழை நாளொன்றில், பத்து மணிக்கு மீனம்மா வந்தாள். அவளுடைய மூன்று மாதப் பிள்ளை செல்லசாமி தொட்டிலில் கிடந்தான். அவள் சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.

"மாரு கட்டிக்கிட்டு வலிக்குதுங்க லியனார்ட் ஐயா. ஒரு வாய் குடுத்துட்டுப் போயிர்றேன்."

"தூங்குற புள்ளைய எழுப்பாத. மத்தியானம் வா."

"காலையிலயும் சரியா குடிக்கலங்க."

"நான் பாத்துக்குறேன், போ."

அவள் என்னை நம்பினாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் மலையேறினாள். அந்தச் சட்டையின் ஈரம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மத்தியானம் அவளிடம், பிள்ளை வலிப்பு வந்து இறந்துவிட்டது என்றேன். மருந்துச்சாலைப் புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். அளவு தப்பியது என் குற்றம். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. அவளைத் திருப்பி அனுப்பும்போதே தெரியுமா என்று கேட்டீர்கள்.

தெரியும். அவள் வருவதற்கு முன்பே பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருந்தேன். சில்லிட்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரமாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். மறுநாள் காலை, மற்றப் பதினொரு பிள்ளைகளுக்கும் ஒரு துளி குறைத்துத்தான் கொடுத்தேன்.