எரர் வராத மாற்றம்

குளுவாங்கிலிருந்து பெக்கோக் போகும் மாலைப் பேருந்தில், முன் இருக்கையில் ஒரே தொழிற்சாலைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எரர் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா,” என்றாள் இளையவள்.

“எரர் வேணும்னு யாராச்சும் கேப்பாங்களா லா?”

“கம்பெனி ஆளுங்க அட்ரஸ என் வீட்டுக்காரரு பாக்கக்கூடாதுன்னு, ஆபீஸ் டேட்டாபேஸ்ல அவரு பேருக்கு இருந்த அனுமதிய எடுத்தேன். சரின்னு காட்டுச்சு. நம்பிட்டேன்.”

“அவரு அடிக்குப் பயந்துதானே வீடே மாறுன. எடுத்தது நல்லதுதானே?”

“ஸ்டோர்ல வேலை பாக்குறவங்க குரூப்புக்கும் அதே அனுமதி இருக்குக்கா. அவரு அந்த குரூப்புல இருக்காரு. அது வழியா இன்னும் பாக்கலாம்னு கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லல.”

“அலமாக், கடவுளே! அவரு எங்க பாத்திருக்கப் போறாரு. சும்மா பயப்படாத.”

“இன்னிக்கு கேன்டீன்ல பக்கத்துல வந்து உக்காந்தாரு. பாலோவுல புது வீட்டுல தண்ணி நல்லா வருதான்னு கேட்டாரு.”

பாலோ நிறுத்தத்தில் இளையவள் எழுந்தாள். மூத்தவள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“இறங்காத. பெக்கோக்குக்கு, என் வீட்டுக்கு வா.”

பேருந்து கிளம்பிய பிறகுதான் இளையவள் மெல்லச் சொன்னாள்.

“உங்க அட்ரஸும் அதே டேட்டாபேஸ்லதான்க்கா இருக்கு.”