யாரும் பேசாத அழைப்பு

மருத்துவமனைத் தொலைபேசியில் உட்கார்ந்திருப்பவளுக்குக் காதுதான் முதலில் களைத்துப்போகும், ஐயா. வாய் தன் பாட்டுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

நீங்கள் இதை வெடிகுண்டு மிரட்டல் என்கிறீர்கள். மிரட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? அன்றைக்கு அப்படி யாரும் கூப்பிடவில்லை. ஒலிக்காத தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். பிறகு மேலாளரிடம் போய், "கட்டடத்துல குண்டு வச்சிருக்காங்களாம் சார்" என்றேன். அவ்வளவுதான்.

என் கணவர் நாலாம் மாடியில், தொண்டையில் குழாயோடு மூச்சு இயந்திரத்தில் கிடந்தார். முந்தின நாள் மருத்துவர், "தேறிட்டாரும்மா. மெஷினை எடுத்துட்டு அடுத்த மாசம் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

"வசமா மாட்டிக்கிட்டீங்க அண்ணி, இனிமே பழையபடிதான்" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

பழையபடி என்றால் அவளுக்கு என்ன தெரியும்? "இந்தாம்மா" என்பார், தண்ணீர். உட்காருவதற்குள் மறுபடி "இந்தாம்மா", தலையணை. விடிய விடிய அதேதான். அவர் கை நீட்டியதில்லை, வைததில்லை. நல்ல மனிதர். கூப்பிடுவார்.

குண்டு என்றால் முதலில் லிஃப்டை நிறுத்துவார்கள். நடக்க முடிந்தவர்கள் முன்னால், இயந்திரத்தில் இருப்பவர்கள் கடைசியில். அவர்களைத் தூக்கி இறக்கும்வரை காற்றுப்பையைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்திகையில் நானும் அமுக்கிப் பழகியிருக்கிறேன். எல்லாரும் இறங்கினார்கள், நான் ஏறினேன். ஒரு பெரியவர் மட்டும் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம்தான்.

"நல்லவேளை வந்தீங்கக்கா. இதை அமுக்கிட்டே இருங்க, தூக்க ஆள் கூட்டிட்டு வந்துடறேன்" என்று செவிலி ஓடினாள்.

ஒன்றைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்தபின் வாசலில் வைத்து, பேசியவன் குரல் எப்படி என்று மேலாளர் கேட்டார். களைப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "கரகரன்னு இருந்துச்சு சார். 'இந்தாம்மா'ன்னுதான் ஆரம்பிச்சார்."

பக்கத்தில் அண்ணனை இழந்து அழுதுகொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, அது எங்க அண்ணன் பேச்சாச்சே?"

அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்து நின்றுவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். செவிலி என் விரல்களை நீவிக்கூட விட்டாள்.

மாடியில் செவிலி ஓடியபின் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் "இந்தாம்மா" என்று அசைந்தது.

கை வலிக்கவேயில்லை, ஐயா.