பார்த்து எழுதிய நம்பர்

திருவெறும்பூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த பெண் தோழியிடம் சொன்னாள்: "அவரு வந்தா நான் போயிடுறேன். நான் வந்தா அவரு போயிடுறாரு."

தோழி பதறினாள். "புருஷன்கூட சண்டையாடி?"

"இல்லடி, நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்தானே, அங்க இருக்கிற கம்ப்யூட்டரைச் சொல்றேன். எங்க ரெண்டு பேரோடதும் சேர்ந்து நெட்டுல நிக்க மாட்டேங்குது. ரூட்டரே ஒவ்வொண்ணுக்கும் தனி அட்ரஸ் நம்பர் குடுக்கும். இவரு, 'எனக்குத் தெரியும்'னு என்னோட கம்ப்யூட்டர்ல இருந்ததைப் பார்த்துக் கையால அடிச்சாரு. என் நம்பரையும் சேர்த்து அடிச்சுட்டாரு. ஒரே நம்பர்ல ரெண்டு இருந்தா, ஒண்ணு உள்ள வந்ததும் இன்னொண்ணு வெளிய போயிடும்."

"காலேஜ் பரீட்சையிலயும் உன்னைப் பார்த்து எழுதி, உன் ரிஜிஸ்டர் நம்பரையே போட்டவருதானே?"

"மெதுவாடி. முன்னாடிதான் நிக்கிறாரு."

கம்பியைப் பிடித்து நின்றவர் திரும்பினார். "அந்த ரிஜிஸ்டர் நம்பரைத் திருத்த காலேஜ் ஆபீஸ் ரூமுக்குப் போனப்பதாங்க, இவ என்கூட முதமுதல்ல பேசினா."