அலமாரிக்குப் பின்னால் காற்று

தையல்காரி: ...இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரேன் கண்ணு. இப்ப ஓடுனப்ப அந்த விசிறி சரியா மூச்சே விடலை.

ஆய்வாளர்: இன்னைக்கு மட்டுமே மூணு தடவை ஓட்டியாச்சும்மா. காத்துக் கசிவு ஏழு புள்ளி ரெண்டு. அஞ்சுக்குக் கீழ வரணும்.

கண்டக்டர்: ஏழுக்கும் அஞ்சுக்கும் என்ன மேடம், ரெண்டே ஸ்டாப்புதானே.

ஆய்வாளர்: சார், வாசல்ல மாட்டியிருக்கிற இந்த விசிறி இழுக்கற இழுப்புக்கு, ஒரு மணி நேரத்துல உங்க வீட்டுக் காத்து ஏழு தடவை மாறிப் போகுது. நீங்க ஏசி போட்டா வீட்டுக்குப் போடலை, தெருவுக்குப் போடறீங்க. வீணாப் போற கரண்ட்டுக்கு எங்கயோ நிலக்கரி எரியுது. அந்தப் புகையைக் குறைக்கத்தான் அரசாங்கம் இந்தத் திட்டத்தையே கொண்டு வந்துச்சு. முதல்ல ஓட்டையை அடைங்க, அப்புறம் கூரைக்கு வெப்பம் தடுக்கற பலகை, புது ஜன்னல், எல்லாம் இலவசம்.

தையல்காரி: அடைச்சாரே. இவர் எதை விட்டாரு? ஜன்னல், கதவு இடுக்கு, சுவிட்சுப் பலகை... சாவித் துவாரத்தையும் சேர்த்து அடைச்சுட்டு, டூட்டி முடிஞ்சு வந்து சாவியை எங்க விடறதுன்னு வாசல்ல நின்னாரு.

கண்டக்டர்: ஒரு ஆர்வத்துல...

ஆய்வாளர்: நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க சார். ஜன்னல் மூலைக்கு மூலை, அடைச்ச புட்டிப் பசையில உங்க கட்டைவிரல் தடம் இருக்கு. நகம் ரெண்டாப் பிளந்து...

கண்டக்டர்: பஸ் கதவு நசுக்கினது. இருபது வருஷம் ஆச்சு, ஒட்டவே மாட்டேங்குது.

ஆய்வாளர்: முதல் சோதனையில பன்னெண்டு, அடுத்ததுல ஒன்பது, இன்னைக்கு ஏழு. ஆனா மொத்தம் மூணு சோதனைதான் விடுவாங்க. இன்னைக்கும் தோத்தா பட்டியல்லேருந்து பேரை எடுத்துருவாங்க.

தையல்காரி: எடுத்துட்டா நான் என்ன பண்றது? மத்தியானம் ஆனா மெஷின்ல உக்கார முடியலை. இஸ்திரிப் பெட்டிக்குள்ள உக்காந்து தைக்கிற மாதிரி இருக்கு. போன கோடையில ரெண்டு தடவை மயங்கி மெஷின் மேலயே சாஞ்சுட்டேன்.

கண்டக்டர்: ஒரு சட்டைக்குக் கை ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தைச்சுட்டா.

தையல்காரி: இப்ப அது ரொம்ப முக்கியம்.

ஆய்வாளர்: பக்கத்து வீட்டுலயும் இதே கதைதாம்மா. ரெண்டு தடவை தோத்துட்டாங்க. காத்து எங்க போகுதுன்னே தெரியலை. உங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே சுவர்தானே?

கண்டக்டர்: சுவர் ஒண்ணு. மத்தபடி ஒண்ணுமில்லை.

தையல்காரி: இவரோட அண்ணன் வீடு. பாகம் பிரிச்சதுலேருந்து பதினோரு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அந்தப் பேச்சை எடுக்காதே.

ஆய்வாளர்: சரி, எடுக்கலை... அடுப்புல என்னம்மா இருக்கு?

தையல்காரி: ஒண்ணுமில்லையே. நீதானே அணைக்கச் சொன்னே?

ஆய்வாளர்: வெங்காயம் வதங்குற வாசனை வருது.

தையல்காரி: எனக்கு வரலையே. சளி.

கண்டக்டர்: எனக்கும் வரலை. எனக்கும் சளி.

ஆய்வாளர்: எல்லாக் கதவும் மூடியிருக்கு. விசிறி உள்ள இருக்கிற காத்தை வெளியே இழுக்குது. வாசனை வருதுன்னா, எங்கிருந்தோ காத்து உள்ள வருது. இருங்க, புகைக்குச்சியைப் பிடிச்சுப் பாக்கறேன். புகை எங்க கலையுதோ... ம்... அந்த அலமாரி.

தையல்காரி: அலமாரி வேண்டாம் கண்ணு. பாரம். நாலு பேர் வேணும்.

கண்டக்டர்: ஆமா மேடம். எங்க மாமனார் குடுத்தது. நகர்த்துனா கால் ஒடிஞ்சுரும்.

தையல்காரி: நீங்க எதுக்கு இவ்வளவு பதறறீங்க? என்னைக்காவது அதை அலமாரின்னு சொல்லியிருக்கீங்களா? சவப்பெட்டின்னுதானே சொல்வீங்க.

கண்டக்டர்: இன்னைக்குத் திடீர்னு பாசம் வந்துருச்சு.

ஆய்வாளர்: அம்மா, இது ஒரு விரலால தள்ளினாலே நகருது. நாலு காலுக்கும் கம்பளித் துணியில உறை... அழகாத் தைச்சிருக்கீங்க.

தையல்காரி: போதும் கண்ணு, அதுக்கு மேல தள்ளாதே.

ஆய்வாளர்: பின்னால ஒரு செங்கல்லையே காணோம். அந்தப் பக்கத்து அடுப்பு இங்கிருந்தே தெரியுது.

தையல்காரி: ஏங்க... கோபப்படாதீங்க. ஒன்பது வருஷம் முன்னாடி அந்தச் செங்கல் தானா ஆடிச்சு.

கண்டக்டர்: தானா.

தையல்காரி: சரி, நான் ஆட்டினேன். அந்தப் பக்கம் அக்காவும் ஆட்டினாங்க. சண்டை அண்ணன் தம்பிக்கு. ஒரே வீட்டுக்கு மருமகளா வந்த எங்களுக்கு என்ன வந்துச்சு? நூல் தீர்ந்தா அவங்க நீட்டுவாங்க, காபிப்பொடி தீர்ந்தா நான் நீட்டுவேன். எனக்குக் கை உடைஞ்சப்ப மூணு வாரம் இந்த வழியாத்தான் சாப்பாடு வந்துச்சு. ஒத்தைக் கையால நான் சமைச்சேன்னு நீங்க நினைச்சீங்க.

கண்டக்டர்: அந்த மூணு வாரம் சாப்பாடு நல்லா இருந்துச்சு.

ஆய்வாளர்: விஷயம் சுலபம்மா. ஒரு செங்கல்லை வெச்சுப் பூசிட்டா அஞ்சுக்குக் கீழ வந்துரும். பூசுங்க, நான் காத்திருக்கேன்.

தையல்காரி: பூச மாட்டேன்.

ஆய்வாளர்: கூரை போயிரும்மா.

தையல்காரி: போகட்டும். வேர்வையைத் துடைச்சுக்கிட்டே தைச்சுருவேன். பேச்சுத்துணை இல்லாமத் தைக்க என்னால முடியாது.

கண்டக்டர்: மேடம்... வேற வழியே இல்லையா?

ஆய்வாளர்: ஒண்ணு இருக்கு. திட்டத்தோட கடைசிப் பக்கத்துல இருக்கு, யாரும் அதுவரைக்கும் படிக்கறதில்லை. ஒட்டி இருக்கிற ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து கேட்டா, ஒரே வீடா வெச்சு அளக்கலாம். நடுச்சுவர்ல என்ன இருந்தாலும் கேள்வி கிடையாது. வண்டியில இன்னொரு விசிறி இருக்கு, அவங்க வாசல்லயும் மாட்டணும். ஆனா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

தையல்காரி: பெரியவர் போடுவாரா... முதல்ல இவர் போடுவாரா...

கண்டக்டர்: பேனா குடுங்க மேடம்.

தையல்காரி: ஏங்க...

கண்டக்டர்: போட்டாச்சு. இந்தா, அண்ணிகிட்ட நீட்டு.

தையல்காரி: அக்கா... அடுப்பை அணைச்சுட்டு இங்க வாங்க. ஆமாக்கா, மாட்டிக்கிட்டோம். இல்லை, கத்தலை. கத்தவே இல்லை, அதான் பயமா இருக்கு. இந்தக் காகிதத்தைப் பெரியவர்கிட்ட... என்னது? போட்டுட்டாரா? படிக்காமயேவா?

கண்டக்டர்: கண்ணாடி இல்லாம அவருக்கு எங்க படிக்க வரும்.

ஆய்வாளர்: நான் அந்தப் பக்கம் போய் மாட்டிட்டு வரேன். நீங்க கதவைத் திறக்காதீங்க.

தையல்காரி: ...என்னங்க இவ்வளவு நேரம். ரெண்டு பக்கமும் விசிறி இரையுது. என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.

கண்டக்டர்: பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். நீதான் நசுக்கறே.

ஆய்வாளர்: அம்மா. நாலு புள்ளி ஒண்ணு.

தையல்காரி: மறுபடி சொல்லு.

ஆய்வாளர்: நாலு புள்ளி ஒண்ணு. ரெண்டு கூரையும் உறுதி. இந்தத் தெருவுல தேறின முதல் வீடு உங்களுது... இல்லை, முதல் ரெண்டு வீடு.

தையல்காரி: அக்கா, காதுல விழுந்துச்சா? நாலு புள்ளி ஒண்ணு. அங்க என்ன சத்தம்? கரண்டியால தட்டைத் தட்டறீங்களா? தட்டுங்க, நெளியட்டும், வேற வாங்கிக்கலாம்.

ஆய்வாளர்: எல்லாம் அந்த வீட்டை அடைச்சவர் கைராசி. இண்டு இடுக்கு விடலை. இங்க இருக்கிற அதே நீலப் புட்டிப் பசை, ஜன்னல் மூலைக்கு மூலை அதே கட்டைவிரல் தடம்...

தையல்காரி: எந்தக் கட்டைவிரல்?

ஆய்வாளர்: நகம் ரெண்டாப் பிளந்தது.

தையல்காரி: பெரியவர்தான் பூசினாருன்னு அக்கா சொன்னாங்களே... ஏங்க. இந்த ஓட்டையில உங்க தோள்பட்டை நுழையாது. எப்படி அந்தப் பக்கம் போனீங்க?

கண்டக்டர்: வாசல் வழியா. ஆறு வருஷமா. செவ்வாய்க்கிழமையானா நீயும் அண்ணியும் எங்களுக்குத் தெரியாமக் கடைத்தெருவுல சந்திக்கப் போவீங்கல்ல... அப்ப அண்ணனும் நானும் உக்காந்து காபி குடிப்போம். சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லத்தான் நினைச்சேன். அண்ணன்தான் வேண்டாம்னுட்டாரு. தெரிஞ்சா இவங்க வாசல் வழியா வந்து மரியாதையாப் பேச ஆரம்பிச்சுருவாங்கடா, அப்புறம் அந்த ஓட்டை வழியாச் சிரிக்கிற சிரிப்பை நாம எங்க போய்க் கேக்கறதுன்னாரு.