கடலில் நின்ற முகூர்த்தம்

அவைக்குத் தலைமை தாங்கும் பள்ளி அதிபர் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை விடியவே கைப்பற்றிய பெரியோர்களே! ஒரு கண் குசினி அடுப்பிலும் ஒரு காது என் பேச்சிலுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! காரைநகர் தந்த மாப்பிள்ளை வசீகரனே! தகப்பனில்லாத பிள்ளையாய் என் தங்கை யோகம்மா தனித்து வளர்த்த தங்கமே, மணமகள் நிலக்சனாவே! தாய்மாமன் தயாபரனின் வணக்கம்!

நான் மானிடவியல் படிப்பிப்பவன். பண்பாடு என்ன, வானத்திலிருந்து வழுக்கியா விழுந்தது? வயிற்றிலிருந்து வந்தது! வாழும் வகையிலிருந்து வந்தது! நம் நெடுந்தீவில் ஏன் கல்வேலி? கலையா? கற்பனையா? தோண்டிய இடமெல்லாம் கல், கொட்ட இடமில்லை, அடுக்கினான் மனிதன்! இங்கே ஏன் முகூர்த்தமெல்லாம் பத்து மணிக்குப் பிறகு? குறிகாட்டுவான் துறையிலிருந்து படகு வந்து சேர்வதே ஒன்பதரைக்கு! சிரிக்காதீர்கள் சாத்திரியாரே, பஞ்சாங்கத்தை விரிக்குமுன் படகு நேரத்தை விசாரித்தவர் நீங்கள்தானே!

சம்பந்தம் பேசிய அன்று இதை வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் தகப்பனார் பரமலிங்கம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நல்லநேரத்தைப் பகிடி பண்ணுற வீட்டிலை சம்பந்தம் செய்ய ஏலாது!" யோகம்மா அழுது மன்றாடித்தான் அவரை இருத்தினாள்.

இன்று நடந்தது என்ன? காய்ச்சலோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்த யோகம்மா, துண்டு வெட்டி வெளியே வந்து காலைப் படகில் ஏறினாள். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி! பத்தே முக்கால். முகூர்த்தம் முடியப்போகிறது. ஐயர் அவசரப்படுத்துகிறார். பெற்று வளர்த்தவள் இல்லாமல் தாலியா? சபை முழுவதும் சம்பந்தி பரமலிங்கத்தைப் பார்த்தது.

அவர் சொன்னார்: "ஐயா, நல்லநேரம் இன்னும் கடலுக்கைதான் நிக்குது. வந்து இறங்கட்டும்."

பின்னாலே என்ன குரல், அல்போன்சம்மா அக்கா? "சாப்பாடும் அந்தப் படகிலைதான் வந்திருக்கும்" என்கிறீர்களா? இல்லை அக்கா! சோறும் கறியும் இங்கேயே ஆயத்தம். மணம் மூக்கைத் துளைத்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர், பன்னிரண்டு மணிக்குப் படகு வந்து சேரும்வரை வெயிலில் துறையில் நின்றார். எந்த வயிறு நிற்கச் சொன்னது? எந்த வசதி நிற்கச் சொன்னது?

சம்பந்தி, இருபது ஆண்டு படிப்பித்த பாடத்தில் இன்று உங்களிடம் தோற்றேன். இவ்வளவு மகிழ்ச்சியாக நான் ஒருநாளும் தோற்றதில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறியதை என் தங்கை தன் இரு கண்ணாலும் கண்டாள். அதற்கு உங்கள் முன் கைகூப்புகிறேன். மணமக்கள் வாழ்க! வணக்கம்!