காயாத சுவர்

புதுச் சுவருக்கு அவசரம் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பூச்சு உள்ளுக்குள் காய்வதற்கு முன்னால் கலர் அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். முதலில் வெறும் சுண்ணாம்பு ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். நான் எல்லாம் முறைப்படிதான் செய்தேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீடு பஸ் போகிற ரோட்டை ஒட்டியது. உள்ளே ஒரே கூடம். என் மனைவி கோவிந்தம்மாளுக்குக் காய்ச்சலில் கால்கள் விழுந்துபோனதிலிருந்து அவள் கட்டில் அந்தக் கூடத்தில்தான் கிடந்தது. அவளைத் தூக்கி எடுத்துக் குளிப்பாட்டியதெல்லாம் நான். ஊரே என்னை மெச்சும். ஆனால் அவள் ரோட்டில் வேர்க்கடலை விற்றுக்கொண்டு போகிற மல்லாட்டைக்காரி வரைக்கும் கூப்பிட்டு வைத்துப் பேசுவாள், சிரிப்பாள். என் ஆபீஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கட்டில். அதனால் கூடத்தின் குறுக்கே சுவர் வைத்து, நடுவில் ஒரு கதவும் போட்டேன்.

"என்னை ஏங்க மறைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒனக்குக் காத்து அடிக்கக் கூடாதுன்னுதான்" என்றேன்.

ஐப்பசி மழையில் சுவர் காயவில்லை. கொத்தனார் அந்தோணிசாமி வந்து தட்டிப் பார்த்தார்.

"கரியடுப்பு வெச்சா ஜல்தி காஞ்சிடும் சாரு. ஆனா கதவு, ஜன்னல தொறந்து வெச்சிக்கினு செய்ங்க. மூடிட்டா அந்தக் காத்தே ஆளக் கொன்னுடும். அம்மாவ இந்தப் பக்கம் படுக்க வெச்சிடுங்க."

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அவர் சொன்னபடியே எல்லாவற்றையும் திறந்து வைத்து, அடுப்பு மூட்டிப் பூச்சைக் காயவைத்தேன். மேலே அடித்த சுண்ணாம்பும் காய்ந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுவரில் அவள் கட்டில் இருக்கிற பக்கத்துக்கு நானே டிஸ்டெம்பர் அடித்தேன். சாரல் பட்டால் கலர் கோடுகோடாக இறங்கிவிடும் என்று ஜன்னலைச் சாத்தினேன். அடுப்பு நிறையக் கரி போட்டு, கனன்றதும் கட்டிலருகே வைத்துவிட்டு, கதவை வெளியே தாழிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவினேன்.

"ஏங்க, தல சுத்துதுங்க. கதவத் தொறங்க."

"கலரு ஈரமாகீது. செத்த பொறு."

மறுபடி கூப்பிட்டாள். பிறகு ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம். நான் பதில் சொல்லவில்லை. பேச்சுக் கொடுத்தால் அவளுக்கு மூச்சு வாங்கும்.

சத்தம் நின்ற பிறகு, காப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் திறந்தேன். கட்டிலிலிருந்து ஊர்ந்து வந்து கதவருகே கிடந்தாள். நகரவே முடியாதென்று இத்தனை காலம் என்னை நம்பவைத்திருக்கிறாள், பாருங்கள். முழங்கால் உயரத்தில், ஈரக் கலரில் அவள் கை பதிந்து, விரல்கள் கீழே வழித்துக்கொண்டு இறங்கியிருந்தன. அதைச் சரிசெய்யாமல் யாரையும் உள்ளே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி அடித்து, காயவும் வைத்தேன். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைப் பிடிக்காமல் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவளுக்குப் பச்சை பிடிக்கும் என்றுதான் அந்தக் கலரையே வாங்கினேன்.